பெயிண்ட் பூத் தண்ணீர்: தங்கவயல் பட்டறைகளில் கற்ற பாடங்கள்

ஸ்பிரே கன்னிலிருந்து கிளம்பும் பெயிண்ட் எல்லாம் இரும்பில் போய் ஒட்டுவதில்லை. பழைய ரக ஏர் கன்னில் அடித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பொருளின் மேல் நிற்கும். மீதி தூசியாக, புகையாகப் பறந்து பூத்தின் பின்சுவரில் வழிகிற தண்ணீர்த் திரையில் விழுந்து, கீழே குழிக்குப் போகிறது. அதைத்தான் ஓவர்ஸ்பிரே என்கிறோம். குழிக்குள் போன அந்தப் பெயிண்ட் என்ன ஆகிறது என்று கவனிக்காத பட்டறையில் பம்ப் நிற்கும், தண்ணீர் நாறும், கடைசியில் அந்தத் தண்ணீர் ஏதோ ஒரு கால்வாயில் போய்ச் சேரும்.

கோலார் தங்கவயலில் பெயிண்ட் வேலைக்குக் குறைவில்லை. 1964-ல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல்.லின் புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் இங்கேதான் உருவாகின்றன. நாங்கள் பேச்சில் பெமல் என்போம். மண்ணிலும் மழையிலும் கிடக்கப்போகிற இயந்திரங்கள் என்பதால் ப்ரைமர், அதன்மேல் மஞ்சள் டாப் கோட் எல்லாம் கனமாகவே விழ வேண்டும். இந்த மாதிரி கனரக வேலைக்குப் பாகங்கள் செய்து தரும் சிறிய பட்டறைகளில்தான் என் வேலைக்காலம் போனது. பூத், குழி, பம்ப், ஸ்லட்ஜ் எனும் பெயிண்ட் சேறு இவற்றோடு பழகிக் கற்றதை, இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

இந்த ஊரில் தண்ணீர் சும்மா வராது

முதலில் ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். கோலார் மாவட்டத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டிப் போன இடங்கள் உண்டு. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் பாலாற்றின் மேல் இருக்கும் பேத்தமங்கலம் ஏரிதான் தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது. இன்று பல பட்டறைகளுக்கு டேங்கர்தான் கதி. 2018 முதல் பெங்களூருவின் கழிவுநீரைச் சுத்திகரித்து, கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின் வழியாகக் கோலார் ஏரிகளுக்கு விடுகிறார்கள். அடுத்த ஊரின் கழிவுநீரையே கேட்டு வாங்கி ஏரி நிரப்பும் மாவட்டத்தில், குழித் தண்ணீரை அடிக்கடி கொட்டி மாற்றுவது சரியான வழியே அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. தங்கம் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய 3 கோடி டன்னுக்கும் மேலான அரைத்த மண், சயனைடு மேடுகளாக ஊருக்கு நடுவில் இன்றும் நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்து படிவது சாம்பியன் ரீஃப்பிலும் மாரிக்குப்பத்திலும் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு தொழில் தன் மிச்சத்தை விட்டுவிட்டுப் போனால் அதை அனுபவிப்பது யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆகவே பூத் தண்ணீரைப் பராமரிப்பதைப் பம்பைக் காப்பாற்றும் வேலையாக மட்டும் நான் பார்த்ததில்லை.

பாடம் ஒன்று: குழிக்குப் போவதைக் குறை

குழித் தண்ணீருக்கு ரசாயன மருந்து விற்பவர் முதலில் அந்த மருந்தைப் பற்றித்தான் பேசுவார். நான் கன்னிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஷிஃப்டில் 20 லிட்டர் பெயிண்ட் அடிக்கிறீர்கள். மூன்றில் ஒரு பங்கு ஒட்டுகிறது. பொருளில் நிற்பது ஏழு லிட்டருக்கும் குறைவு. பூத்துக்குப் போவது 13 லிட்டருக்கு மேல். அதே வேலையை 60 சதவீதம் ஒட்டும்படி அடித்தால் மொத்தம் 11 லிட்டர் போதும். பூத்துக்குப் போவது நாலரை லிட்டர்தான். பெயிண்ட் செலவு ஏறக்குறைய பாதி, ஸ்லட்ஜ் மூன்றில் ஒரு பங்கு.

இதற்குக் குறைந்த அழுத்தத்தில் அடிக்கும் ஹெச்.வி.எல்.பி. கன் இருக்கிறது, அதன் முனையில் காற்றழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது. பெரிய தகடுகளுக்கு ஏர்லெஸ் பொருந்தும். புதுக் கன் வாங்க வசதியில்லை என்றால், இருக்கிற கன்னில் பிரஷரைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் இருங்கள். கன்னைப் பொருளிலிருந்து ஆறு முதல் எட்டு அங்குலத்தில் நேராகப் பிடியுங்கள். ஓரம் தாண்டியதும் ட்ரிகரை விடுங்கள். கை சுழற்றி வீசுகிற பெயிண்டரின் பூத்துக் குழியையும், கை நேராகப் போகிற பெயிண்டரின் குழியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் போதும்; பயிற்சியின் மதிப்பு அங்கேயே தெரியும்.

பாடம் இரண்டு: தின்னர் தண்ணீருக்குள் போகக் கூடாது

கலர் மாற்றும்போது கன்னைத் தண்ணீர்த் திரையை நோக்கிப் பிடித்துத் தின்னரால் கழுவி விடுவது பல பட்டறைகளில் வழக்கம். அவசரத்தில் சுலபமாகத் தோன்றும். ஆனால் மருந்து போட்டு ஒட்டும் தன்மை இழந்து மிதக்கும் பெயிண்டைத் தின்னர் மறுபடியும் இளக்கிப் பிசுபிசுப்பாக்கிவிடும். காலையில் போட்ட மருந்து மாலையில் வீண். குழியின் மேல் ஆவி சேரும். அதனால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு, மூச்சுக்கும் ஆபத்து. கன் கழுவ மூடியுள்ள தனி டின் வையுங்கள். அழுக்குத் தின்னரை மறுபடி வடித்துப் பயன்படுத்தலாம், அல்லது அனுமதி பெற்றவரிடம் கொடுக்கலாம். எங்கள் பட்டறையில் நான் கண்டிப்பாக வைத்திருந்த விதி இதுதான்.

பாடம் மூன்று: மருந்து முன்னால், பெயிண்ட் பின்னால்

புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள்: “அண்ணா, தண்ணி கெட்டுப்போச்சுன்னா மருந்து போட்டாப் போதும்ல?” போதாது. இந்த வேலையின் சாரமே அந்தக் கேள்விக்கான பதிலில் இருக்கிறது.

ஓவர்ஸ்பிரே துளி தண்ணீரில் விழும்போது இன்னும் ஈரமாக, ஒட்டும் நிலையில் இருக்கிறது. விழுந்த சில நொடிகளுக்குள் அதன் பிசுபிசுப்பைக் கொல்ல வேண்டும். தவறினால் அது பக்கத்துத் துளியோடு சேரும், குழாயின் உட்சுவரில் ஒட்டும், பம்பின் இம்பெல்லரில் அப்பும், நாஸிலை அடைக்கும். ஒரு முறை ஒட்டியதை எந்த மருந்தும் பிரிக்காது. உளியும் சுத்தியலும்தான் வேலை செய்யும். எனவே பெயிண்ட் வருமுன்பே மருந்து தண்ணீரில் கலந்து திரையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் காஸ்டிக் சோடாவை அள்ளிப் போடுவார்கள். பழைய ஆல்கிட் பெயிண்டுக்கு அது ஓரளவு வேலை செய்தது. கையையும் கண்ணையும் பொசுக்கியது. பிறகு களிமண் வகை மருந்துகள் வந்தன. பென்டோனைட் போன்ற நுண்ணிய களிமண் ஒவ்வொரு பெயிண்ட் துளியையும் சுற்றிப் போர்த்தி ஒட்டாமல் செய்யும். ஆனால் ஸ்லட்ஜின் அளவு கூடும், அடியில் சேறு படியும். இன்று அதிகம் புழங்குவது பாலிமர் வகைகள்: மெலமைன்-ஃபார்மால்டிஹைடு பாலிமர், பாலி அலுமினியம் குளோரைடு போன்றவை பிசுபிசுப்பைக் கொல்லும், பிறகு ஃப்ளாக்குலன்ட் எனும் இரண்டாவது மருந்து, பிரிந்து கிடக்கும் துகள்களைச் சேர்த்துக் கட்டியாக்கி மிதக்கவிடும். மருந்து சரியாகப் பிடித்தால் குழியின் மேல்பரப்பு திரிந்த பால் மாதிரி இருக்கும்: மேலே கட்டிகள், அடியில் தெளிந்த நீர்.

மருந்து சேர்க்கும் இடம் முக்கியம். பிசுபிசுப்பைக் கொல்லும் முதல் மருந்து பம்பின் உறிஞ்சு குழாய்க்குப் பக்கத்தில் விழ வேண்டும். பம்பே அதைக் கலக்கித் திரைக்கு அனுப்பிவிடும். கட்டியாக்கும் இரண்டாவது மருந்தைப் பம்புக்கு முன் போட்டால், உருவாகும் கட்டிகளை இம்பெல்லர் அடித்து நொறுக்கிவிடும். அது திரும்பி வரும் வழியில், ஸ்லட்ஜ் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். மருந்தை மாற்றுவதற்கு முன் அது விழும் இடத்தை மாற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அளவு விஷயத்தில் ஒன்றை மனதில் வையுங்கள். புதுத் தண்ணீர் நிரப்பும்போது குழியின் கொள்ளளவுக்கு ஏற்ப முதல் டோஸ். அதற்குப் பின் தினமும் போடுவது, அன்று அடிக்கும் பெயிண்டின் அளவுக்கு ஏற்ப. பெயிண்ட் அடிக்காத நாளில் மருந்து ஊற்றத் தேவையில்லை. இரண்டு ஷிஃப்ட் ஓடும் நாளில் ஒரு ஷிஃப்ட் அளவு போதாது. சின்ன டோசிங் பம்ப் வைத்து, ஸ்பிரே ஓடும் நேரத்தில் மட்டும் சொட்டவிடுவது எல்லாவற்றிலும் சிறந்தது. காலையில் ஒரு பக்கெட் கவிழ்ப்பது எளிது, பலன் குறைவு.

பாடம் நான்கு: பாட்டிலில் பார்த்துவிட்டுக் குழிக்குப் போ

லேப் வேண்டாம். மூடி போட்ட கண்ணாடி பாட்டில் ஒன்று, சொட்டுக் குழாய், பி.ஹெச். பேப்பர், கையுறை போதும். குழியிலிருந்து பாதி பாட்டில் தண்ணீர் எடுங்கள். அன்று அடிக்கப்போகும் அதே பெயிண்டை, ஹார்டனர் கலந்தால் கலந்த நிலையில், சில சொட்டு விடுங்கள். மூடி, நன்றாகக் குலுக்குங்கள். ஒரு நிமிடம் நிற்கவிட்டுப் பாருங்கள்.

மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பாட்டிலின் உட்சுவரில் பெயிண்ட் கோடு ஒட்டியிருக்கிறதா? ஒட்டியிருந்தால் மருந்து போதவில்லை. மிதப்பதைக் கையுறை விரலில் எடுத்து இரு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நூல் இழுக்கிறதா, பொடியாக உதிர்கிறதா? உதிர வேண்டும். அடியில் உள்ள தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கியே இருக்கிறதா? பெயிண்ட் உதிர்ந்தும் தண்ணீர் கலங்கியிருந்தால் முதல் மருந்து சரி, இரண்டாவதுதான் குறை. பாட்டிலில் பிடிக்காதது குழியில் பிடிக்காது. பெயிண்டின் பிராண்ட் மாறினாலும், ஏன் கலர் மாறினாலும், இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஒரே கம்பெனியின் மஞ்சளுக்குப் பிடித்த மருந்து கறுப்புக்குப் பிடிக்காமல் போவதுண்டு.

பாடம் ஐந்து: பி.ஹெச்., உப்பு, நாற்றம்

கரைப்பான் கலந்த பெயிண்டுக்கான பெரும்பாலான மருந்துகள் பி.ஹெச். 8-க்கும் 9-க்கும் இடையே நன்றாக வேலை செய்யும். திரை ஓட ஓடத் தண்ணீர் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுக்கும். பாலி அலுமினியம் குளோரைடும் காரத்தன்மையைத் தின்னும். அதனால் பி.ஹெச். மெல்ல இறங்கும். இறங்கினால் மருந்து பிடிக்காது, இரும்பு துருப்பிடிக்கும். ஒவ்வொரு ஷிஃப்டும் பேப்பரில் பார்த்து, சோடா ஆஷைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஏற்றுங்கள். ஒரேயடியாக ஏற்றி 10-ஐத் தாண்டினால் பெயிண்ட் கட்டியாகாமல் தண்ணீரில் கரைந்து கலங்கும், நுரை பொங்கும். அலுமினியம் துகள் கலந்த சில்வர் பெயிண்ட் அல்லது துத்தநாகத் தூள் அதிகமுள்ள ப்ரைமர் அடிக்கும் குழியில் காஸ்டிக்கைப் பயன்படுத்தவே வேண்டாம். அந்த உலோகங்கள் காரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வெளியேறும், அது தீப்பிடிக்கும்.

அடுத்தது உப்பு. இந்தப் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் கடினமானது. பூத்தில் தினமும் தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். நாளாக ஆக நாஸிலிலும் திரைத் தகட்டின் விளிம்பிலும் வெள்ளைப் படிவு ஏறும். விளிம்பில் படிவு ஏறிய இடத்தில் திரை கிழியும். கிழிந்த இடத்தில் பெயிண்ட் நேராகத் தகட்டில் ஒட்டும். ஷெட்டின் கூரை பெரிது. அதில் விழும் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்றுங்கள். அதில் உப்பு மிகக் குறைவு. தண்ணீரின் ஆயுள் நீளும், டேங்கர் செலவும் குறையும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் உப்புத் தண்ணீரைச் சிக்கனம் என்று குழியில் ஊற்றாதீர்கள்.

ஞாயிறு முழுக்க பம்ப் நின்று திங்கள் காலையில் அழுகிய முட்டை வாடை வந்தால், காற்றில்லாத சேற்றில் வளரும் பாக்டீரியாவின் வேலை அது. அந்த வாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு. அடியில் சேறு தங்காமல் எடுப்பதும், விடுமுறையிலும் சிறிது நேரம் பம்பை ஓட்டுவதும் முதல் வழி. அதற்குப் பிறகும் வந்தால்தான் கிருமிக்கொல்லி. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒரே குழியில் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

பாடம் ஆறு: பெயிண்டின் குணம் தெரிந்து நட

இரண்டு டின் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது தண்ணீரோடும் வினைபுரிந்து கெட்டியாகும். எனவே அந்த ஸ்லட்ஜை நாள் கடத்தாமல் எடுக்க வேண்டும். இல்லையென்றால் குழியின் மூலையில் கல்லாகிவிடும். எபாக்சி ப்ரைமரும் துத்தநாக ப்ரைமரும் கனமானவை, மிதக்காமல் மூழ்கும். மேலே தெளிவாக இருக்கிறதே என்று நம்பாமல் ஒரு கம்பை விட்டு அடியைத் துழாவிப் பாருங்கள்.

தண்ணீர் கலந்து அடிக்கும் வாட்டர்பேஸ் பெயிண்டுக்கு வேறு சிகிச்சை. அது ஒட்டுவதைவிடத் தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும், நுரையும் அதிகம். அதைப் பிரித்தெடுக்கத் தனி மருந்து வேண்டும். இரண்டு வகைப் பெயிண்டையும் ஒரே குழியில் விடுவதைக் கூடியவரை தவிருங்கள்.

நுரை வந்தால் மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் கூடாது. தண்ணீர் மட்டம் இறங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சுகிறதா, யாராவது சோப்புத் தண்ணீரில் பூத் கழுவினார்களா, ஃப்ளாக்குலன்ட் அதிகமா என்று பாருங்கள். காரணத்தைத் திருத்திய பிறகே நுரைக்கொல்லி.

பாடம் ஏழு: குழிக்குள் மனிதன் இறங்கும் முன்

எந்தக் குழியானாலும், மருந்து எவ்வளவு சரியாகப் போட்டாலும், ஒரு நாள் காலி செய்து கழுவ வேண்டி வரும். அடியில் கிளறும்போது கரைப்பான் ஆவியும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஒன்றாகக் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போகும், வாடை தெரியாது. வாடை இல்லை என்பதால் வாயு இல்லை என்று அர்த்தமில்லை. காற்றாடி வைத்து வெளிக்காற்றைச் செலுத்துங்கள், வாயு மீட்டரால் அளந்து பாருங்கள், இடுப்பில் கயிறு கட்டுங்கள், மேலே ஒருவர் நகராமல் நிற்கட்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் மேலே இருப்பவர் பதறி இறங்கக் கூடாது. கயிற்றால்தான் இழுக்க வேண்டும்.

பெயிண்டர் தொழிலில் படும் வெளிப்பாடு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1989-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. சுரங்கத்தில் கல்தூசி மூச்சில் போய்ச் சிலிகோசிஸில் இளைத்துப்போன பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அவர்கள் பேரப்பிள்ளைகள் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு பாலியூரித்தேன் அடிக்கக் கூடாது. ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அதற்கு எச்சரிக்கும் வாடையும் இல்லை. அந்த வேலைக்கு வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க்தான் சரி.

பாடம் எட்டு: ஸ்லட்ஜ் வாசலைத் தாண்டும்போது காகிதம் இருக்கட்டும்

மிதப்பதைத் தினமும் அள்ளுங்கள். துணிப்பையிலோ ஃபில்டர் பிரஸ்ஸிலோ பிழிந்து, வடியும் தண்ணீரைக் குழிக்கே திருப்புங்கள். பிழிந்ததை வெயிலில் பரப்பாமல், கூரைக்கடியில், சிமென்ட் தரையில், மூடிய டிரம்மில் வையுங்கள். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் கழிவையும் ஆல்கிட் பெயிண்டின் கழிவையும் ஒரே டிரம்மில் சேர்க்க வேண்டாம். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

மஞ்சள் பெயிண்டைப் பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை. தொழிற்சாலை மஞ்சளில் ஈயக் குரோமேட் நிறமி நெடுங்காலம் புழங்கியது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற 2016-ம் ஆண்டு விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பெயிண்டை அந்த விதி தொடவில்லை. ஆகவே ஈயம் இல்லாத மஞ்சள்தானா என்று சப்ளையரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஈயமும் குரோமியமும் ஸ்லட்ஜில் போனால், அவை மண்ணுக்கும் போகும்.

2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பெயிண்ட் ஸ்லட்ஜ் முதல் அட்டவணையில் இருக்கிறது. பட்டறைக்குள் 90 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. டிரம்மில் லேபிள் வேண்டும். லாரி ஏறும்போது படிவம் 10 கூடப் போக வேண்டும். ஆண்டுக் கணக்கை ஜூன் 30-க்குள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தர வேண்டும். அனுமதி பெற்ற கழிவு மையமோ, கழிவை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும் சிமென்ட் ஆலையோதான் அதற்குரிய இடம். குறைந்த விலைக்கு எடுத்துப் போகிறேன் என்று டெம்போவோடு வருபவரிடம் காகிதம் இருக்காது. அந்த டெம்போ எங்கே கவிழ்க்கும் என்று யாருக்கும் தெரியாது.

குழித் தண்ணீரையும் அப்படியே ராஜகாலுவே எனும் மழைநீர்க் கால்வாயில் திறந்துவிடக் கூடாது. இங்கே மழைநீர்க் கால்வாய் ஏரிக்குப் போகும், ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குப் போகும். கீழே பாலாறு போகிற வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் கழிவால் கிணறுகள் கெட்ட கதை நமக்குத் தெரியும். மேட்டில் இருக்கும் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாளிகளுக்கும் பெயிண்டர்களுக்கும்

புது பூத் போடுகிறவர்கள் தண்ணீரில்லாத உலர் பூத்தையும் யோசியுங்கள். வேலை குறைவான பட்டறைக்கு மடித்த அட்டை ஃபில்டரே போதும்; பெரிய கார் ஆலைகளில் சுண்ணாம்புக்கல் பொடியில் ஓவர்ஸ்பிரேயைப் பிடிக்கும் முறையும் வந்துவிட்டது. பழைய தண்ணீர்ப் பூத்தே இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிப் பூத்தின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். பி.ஹெச்., அடித்த பெயிண்ட், போட்ட மருந்து, அள்ளிய ஸ்லட்ஜ், ஊற்றிய தண்ணீர் என ஐந்து கட்டம் போதும். அதைத் தினமும் நிரப்பும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள். அவர் சம்பளத்தில் அது தெரியட்டும். எல்லாருக்கும் பொதுவான வேலை என்று விட்டால் அது யார் வேலையும் இல்லாமல் போகும்.

பெயிண்ட் அடிக்கிற தம்பிகளே, குழியில் என்ன கலக்கிறது, டிரம் எங்கே போகிறது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அந்தத் தண்ணீரின் பக்கத்தில் நின்று மூச்சு விடுவது நீங்கள். அது போய்ச் சேரும் ஏரியின் கரையில் குடியிருப்பது உங்கள் வீட்டார்.